யாரும் போறதில்லீங்க

புதுப் பாதையில் பதித்த கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விட்ட சந்தில் சலித்த மணலைக் கொட்டி, விளக்குமாற்றால் இப்படியும் அப்படியும் இழுத்து நிரப்ப வேண்டும். பார்க்க லேசான வேலைதான். செய்து பார்த்தால்தான் தெரியும், மத்தியானத்துக்குள் இடுப்பு என்ன பாடு படும் என்று. காலை ஏழு மணியிலிருந்து வேலம்மா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். ஆனால் இன்றைக்கு இடுப்பு வலி அவளுக்கு உறைக்கவே இல்லை. பத்து மணிக்கு அரசாங்கத்துக் காணி அதிகாரி வருகிறார், பாதை விசயமாக விசாரிக்க.

மாத்தளைப் பக்கம் நாலந்தாவுக்கு அப்பால், குளக்கரையில், தோட்டத்தின் கொக்கோ மலையை வாங்கி ஒரு கம்பெனி புது ஊர் கட்டுகிறது. அந்த ஊருக்குள் கார் ஓடாதாம். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து குளத்துக்கு, எல்லாம் பத்து நிமிட நடை என்று மூன்று பாசையிலும் போர்ட் வைத்திருந்தார்கள். நடக்கிறதுக்கா இம்புட்டுக் காசைக் கொட்டி வீடு வாங்குவாங்க என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். கம்பி வேலி வந்து நின்ற அன்றைக்கு அந்தச் சிரிப்பு அடங்கியது.

லயத்திலிருந்து இறங்கிக் கொக்கோவுக்குள் புகுந்து, குளக்கரையைப் பிடித்து நடந்தால் முன்பு பத்தே நிமிடத்தில் பஸ் ரோடு. இப்போது தோட்டத்து ரோட்டால் வேலியை ஒட்டிப் போய், மலையைச் சுற்றி இறங்க ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிறது. வேலம்மாவின் மகள் ரஜனி பலாபத்வலையில் கார்மண்ட் பக்டரியில் தைக்கிறாள். ஐந்தே முக்கால் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய வேலை போச்சு. போன வாரம் கடிதம் கொடுத்துவிட்டார்கள், இன்னும் ஒருதரம் பிந்தினால் வரவேண்டாம் என்று. அவள்தான் நாற்பத்திரண்டு வீடும் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கி, இந்த விசாரணையை வரவழைத்தவள். கெட்டிக்காரி. யாருக்கும் பயப்பட மாட்டாள்.

பயம் எல்லாம் அவளைப் பெற்றவளுக்குத்தான்.

இரண்டு வருசத்துக்கு முன் ஒரு நாள், வேலி வருவதற்கு முந்தி, வேலம்மா தலையில் விறகுக் கட்டோடு அதே பாதையில் ஏறி வந்தாள். தொப்பி போட்ட சர்வேயர் மாத்தயா எதிரே நின்றார், கையில் எழுதுகிற கொப்பி. இந்த வழியால் ஆட்கள் போய் வருகிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். பாதையின் நடுவில் நின்றுகொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, வேலம்மா சொன்னாள்: இல்லீங்க மாத்தயா, யாரும் போறதில்லீங்க.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கொக்கோவுக்குள் நடந்தவன் காய் திருடினவன். தோட்டத்தில் அதுதான் சட்டம். அவளுடைய பத்து வயதில் வாச்சர் பிடித்து, பாவாடையை உதறச் சொல்லிப் பார்த்தான். ஒரு காயும் விழவில்லை. அப்படியிருந்தும் அவள் அப்பனுக்கு அன்றைக்கு அரைப் பேர், அரைநாள் கூலிதான் போட்டார்கள். அன்றையிலிருந்து தொப்பி போட்ட எவர் கேட்டாலும் அவள் இல்லை என்றுதான் சொல்லுவாள். லயத்தில் எல்லாருமே அப்படித்தான் சொல்லுவார்கள். ஆனால் அன்றைக்கு அகப்பட்டவள் அவள். மாத்தயா அவளைப் பார்த்தார், விறகைப் பார்த்தார், காலடியில் தேய்ந்து வழுக்கிக் கிடந்த மண்ணையும் பார்த்தார். பார்த்துவிட்டு, அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார்.

யாரோ சொன்னதை வைத்துத்தான் வேலி போட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, எந்த நாய் போய் அப்படிச் சொல்லிச்சோ என்று ரஜனி ஏசாத நாளில்லை. ஏசிக்கொண்டே அம்மாவுக்குச் சோறு போடுவாள். வேலம்மா தலை நிமிராமல் தின்பாள். எத்தனை தரம் சொல்ல வாயெடுத்தாள்! வெட்கத்தில் அடுத்த கவளத்தை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு அதே கம்பெனியில் இந்தக் கல் பதிக்கிற வேலைக்கும் சேர்ந்தாளே, அதை எங்கே போய்ச் சொல்ல?

அதிகாரி வந்தார். கம்பெனி மாத்தயா வெள்ளைச் சப்பாத்தோடு வந்தார். அவள் வேலையை மேற்பார்க்கும் சுப்பவைசர் மர்சூக் பின்னால் நின்றார். எதிரே ரஜனியும் லயத்து ஆட்கள் ஐந்தாறு பேரும். அதிகாரி பைலைத் திறந்து வாசித்தார். விறகு சுமந்து வந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி இவ்வழியை எவரும் பாவிப்பதில்லை என்று சொன்னதாக அதில் இருந்தது. பேர் இல்லை.

"அப்பிடி ஒருத்தி எங்க லயத்துல இல்லீங்க சேர்," என்றாள் ரஜனி. "இருந்தா கொண்டாந்து நிப்பாட்டுங்க."

வேலம்மா பத்தடி தள்ளி நின்றாள். மகள் அவ்வளவு நிமிர்ந்து நின்று அதைச் சொன்னதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

"நான்தாங்க அது. பொய் சொல்லிட்டேன். எங்க அம்மா காலத்துலேர்ந்து நாங்க இதுலதான் நடக்கிறோம். பயத்துல சொல்லிட்டேன் சேர்."

ரஜனி அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓரடி தள்ளி நின்றுகொண்டாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அதிகாரி பொல்லாதவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார், அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா என்று. இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். மகள் என்றாள். அதையும் எழுதினார். அன்றைக்கு யாருக்காகவும் பேசாமல் சொன்ன வார்த்தை, இன்றைக்கு மகளுக்காக வந்து சொல்கிற வார்த்தை, இரண்டில் எதை எடுப்பது என்று கம்பெனி மாத்தயா மெதுவாகக் கேட்டார். பைலை மூடினார்கள்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஆட்கள் பாவிக்கும் பாதை அங்கே இருக்கவில்லை, வேலி அப்படியே நிற்கும் என்று. அதே வாரத்தில், மறுபடி பிந்தியதற்காக, ரஜனியைக் கார்மண்ட் வேலையிலிருந்து நிப்பாட்டினார்கள். வீட்டில் அவள் அம்மாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். சோறு மட்டும் போட்டு வைப்பாள். வேலம்மாவைக் கம்பெனி நிப்பாட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மர்சூக் வந்து நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அக்கா, விளம்பரத்துக்குப் படம் எடுக்க வந்திருக்காங்க. இந்தப் பாதையால ஒரு ஆள் நடந்து வரணுமாம். ஊர்ப் பொம்பளையா இருந்தா நல்லமாம். ஏலாதுண்டா சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

ஏலாது என்று சொல்ல அவளுக்கு எங்கே வாய் இருக்கிறது? புதுச் சேலை கொடுத்தார்கள். தலையில் தாமரைப் பூக் கூடை வைத்தார்கள். மேலேயிருந்து குளக்கரை வரைக்கும் நடக்கச் சொன்னார்கள். தானே மணல் இழுத்து நிரப்பிய கல்லின் மேல் வேலம்மா நடந்தாள். பாதி வழியில் அவள் கால் தானாக உயர்ந்து வைத்தது. அங்கேதான் பழைய பாதையில் பலா மரத்து வேர் குறுக்கே கிடந்தது. இப்போது கல் சமமாக இருந்தது.

மூன்றாவது தடவை நடந்தபோது வேலிக்கு வெளியே ஆள் அசைந்தது. வேலை கேட்டு மாத்தளைக்குப் போன ரஜனி, தோட்டத்து ரோட்டால் சுற்றி ஏறி வந்துகொண்டிருந்தாள். செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். வேலம்மாவின் நடை நின்றுபோனது.

"அம்மா, அந்தப் பக்கம் பார்க்க வேணாம்," என்றான் கமராக்காரன், தன்மையாகத்தான். "நீங்க டெய்லி போற வழி மாதிரி நினைச்சு நடங்க. திரும்ப ஒருக்கா."

ரஜனி கம்பியை விட்டுவிட்டு நடந்தாள். வேலம்மா கூடையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி மேலே ஏறிப் போய், பாதையின் தொடக்கத்தில் நின்றாள்.