செம்பாக்கம் வளைவும் டிபன் பையும்

எட்மண்டின் ஜாவா மோட்டார் சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஸ்ரீநிவாசராகவன் வந்து விலைக்கு வாங்கி ஓட்டிக்கொண்டு போய்விடுவது என்று வீட்டில் எல்லோரும் கூடி முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரும் என்றால் இரண்டே பேர். எட்மண்டும் அவன் அம்மா ரத்தினபாயும். மூன்றாவதாக ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள், அந்த வண்டியின் பின்சீட்டில் தினமும் உட்கார்ந்து போகிறவள் அவள்தான் என்பது இருவருக்கும் வசதியாக மறந்துபோயிற்று.

அந்த மூன்றாவது ஆள் எட்மண்டின் மனைவி ஹில்டா. மேடவாக்கம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூவும் கழுத்தில் விசிலுமாக அவள் மைதானத்தில் இறங்கினால் மரத்தடியில் வம்பளக்கும் பெண்கள்கூட வரிசைக்கு வந்துவிடுவார்கள். அந்த வேலை அவளுக்கு உயிர். ஆனால் அறுபத்தெட்டாம் வருஷத்தில் சேலையூரிலிருந்து மேடவாக்கத்துக்குப் போவது லேசான காரியமா? காலை பஸ் தாம்பரத்திலேயே நிரம்பி வழிந்துகொண்டு வரும். கை காட்டினால் கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த பஸ் வந்து சேரும்போது பள்ளியில் பாதிப் பொழுது போயிருக்கும். கிண்டியில் கம்பெனி ஆபீசுக்குப் போகிற எட்மண்ட் போகிற வழியில் அவளை இறக்கிவிடுவதால்தான் பிழைப்பு ஓடியது. ஆக, ஜாவா போனால் வேலையும் போகும். ரத்தினபாய் அதையும் சொல்லிவிட்டார்.

"இந்த மாசத்தோட நின்னுடு ஹில்டா. கை காலோட வீட்ல இருந்தா போதும்."

எல்லாம் அந்தச் செம்பாக்கம் ஏரிக்கரை வளைவால் வந்த வினை. ரோடு ஏரியை ஒட்டி வந்து வலது பக்கமாகச் சட்டென்று மடங்கும் இடம் அது. முந்தின வாரம் அங்கேதான் இருவரும் விழுந்தார்கள். எட்மண்டுக்கு முழங்கால், ஹில்டாவுக்கு முழங்கை. டிபன் பை பறந்து பள்ளத்துத் தண்ணீரில் விழுந்து, அன்றைய எலுமிச்சை சாதம் மீன்களுக்குப் போயிற்று. வண்டிக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். ஆனால் எட்மண்டுக்குள் ஏதோ ஒன்று நொறுங்கிவிட்டது.

சாதாரண ஆளாக இருந்தால் பரவாயில்லை. கல்யாணத்துக்கு முன்னால் வருஷா வருஷம் சோழவரம் மோட்டார் ரேஸுக்குப் போய் வெயிலில் காய்ந்து, எவன் எந்த வளைவில் எப்படிச் சாய்ந்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். "வளைவுல வண்டியச் சாய்க்கத் தெரியாதவன் சைக்கிள்ல போகலாம்" என்பான். கால் வைக்கும் கம்பி ரோட்டில் உரசி 'கர்ர்' என்று சத்தம் வந்தால் அவனுக்கு அது பாமாலை கேட்ட மாதிரி. அப்படிப்பட்டவன் இப்போது வளைவு வருகிறது என்று தெரிந்தாலே விறைத்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் போக ஆரம்பித்தான். விழுந்த அன்று ராத்திரி முழங்காலுக்கு மருந்து போடும்போது வாய்விட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"நீ அசையாம உக்காந்திருந்தா வண்டி விழுந்திருக்காது."

ஹில்டா மருந்துப் புட்டியை மூடினாள். அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது; அந்தப் பாதிதான் அவளைச் சுட்டது. வளைவில் தான் அசைந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஏன் அசைந்தோம் என்பதுதான் விளங்கவில்லை.

விளங்கியது வியாழக்கிழமை, பள்ளி மைதானத்தில். விளையாட்டு விழாவுக்கு மூன்று கால் ஓட்டம் பழக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பெண்கள் பக்கம் பக்கமாக நிற்க, உள்பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒரு ரிப்பனால் கட்டிவிட்டு ஓட விடுவது. நேர்க்கோட்டில் எல்லா ஜோடியும் சமாளித்து ஓடின. கொடிக்கம்பத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில்தான் ஜோடி ஜோடியாகக் குப்புற விழுந்தார்கள். ஒரே ஒரு ஜோடி மட்டும் விழவில்லை. அவர்கள் இருவரும் தோளோடு தோள் ஒட்டி, ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கம்பத்தின் பக்கமாகவே சாய்ந்து ஒரே ஆளாகத் திரும்பினார்கள். விழுந்தவர்கள் எல்லோருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒருத்தி உள்ளே சாய்ந்தால் மற்றவள் பயந்து வெளியே சாய்ந்தாள்.

ஹில்டா ஊத எடுத்த விசிலை ஊதாமல் நின்றுவிட்டாள். 'அட, நம்ம பை!' என்றிருந்தது அவளுக்கு.

பை என்றால் அந்த டிபன் பைதான். கல்யாணமாகி முதல் நாள் அவள் வண்டியில் ஏறும்போதே மாமியார் கொண்டுவந்து நடுவில் வைத்தார். "கேம்ப் ரோடு பூரா நம்ம சபைக்காரங்க. ஒட்டி உக்காந்துட்டுப் போனா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. நடுவுல இதை வெச்சுக்கோ. கையால சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கோ, போதும்." அன்றிலிருந்து புருஷன் முதுகுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று காவலுக்கு உட்கார்ந்து வந்தது. சேலை கட்டிய பெண்கள் எல்லோரையும் போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு ஒருக்களித்துத்தான் அவளும் உட்காருவாள். வண்டி வலது பக்கம் சாய்ந்தால் அப்படி உட்கார்ந்திருப்பவளுக்கு மல்லாக்க விழுவது போலிருக்கும். பிடித்துக்கொள்ள எதிரே ஒன்றும் இல்லை. உடம்பு தானாக முன்னால் பாயும். முன்னால் என்றால் அவளுக்கு இடது பக்கம். அவன் வண்டியை வலது பக்கம் இழுக்க, அவள் இடது பக்கம் இழுத்திருக்கிறாள். இதில் யார் தப்பு என்று பேச என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை முழுக்க அதை மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் எட்மண்ட் வண்டியைத் துடைத்து, விற்பனைக்குத் தயாராக நிறுத்தியிருந்தபோது எதிரே போய் நின்றாள்.

"நாளைக்கு வண்டி போயிடும். ஒரே ஒரு தடவை ஏரிக்கரை வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. அதுக்கப்புறம் இதைப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்."

"எதுக்கு ஹில்டா? பட்டது போதாதா?"

"போதாது."

கிளம்பினார்கள். பழக்கதோஷத்தில் ரத்தினபாய் பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கேரியர். ஹில்டாவும் மறுக்கவில்லை. முதலில் இருக்கிறபடியே ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

நினைத்தபடியே ஆயிற்று. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி ஏரிக்கரை தெரிந்ததுமே எட்மண்டின் தோள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. அவன் கண் போன வாரம் விழுந்த பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டது. கண் போன இடத்துக்கே வண்டியும் போகப் பார்த்தது. ஹில்டாவின் உடம்பு மறுபடியும் முன்னால் பாய, வண்டி தள்ளாட, அவன் பிரேக்கை அழுத்திக் காலை ஊன்றி நிறுத்தினான். சரியாக முனியம்மாவின் டீக்கடை வாசலில்.

போன வாரம் அவர்களைத் தூக்கிவிட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தவள் இதே முனியம்மாதான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இன்னா சார், மறுபடியுமா? பேஜாரு புடிச்ச வண்டி சார் இது. வித்துத் தொலைச்சுட்டு வூடு போய்ச் சேரு."

எட்மண்டின் முகம் செத்துப்போயிற்று. "பாத்தியா? இதுக்குத்தான் வேணாம்னேன். என்னால முடியல ஹில்டா. எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் ஹில்டாவுக்கு அவன் மேலிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. வண்டியிலிருந்து இறங்கினாள். நடுவிலிருந்த பையை எடுத்து முனியம்மாவிடம் நீட்டினாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் வெச்சிருங்க. வந்து வாங்கிக்கறேன்."

"இன்னா டீச்சரம்மா, காலி கேரியரா கீது?"

"ஆமா. இதுதான் எங்களைத் தள்ளிவுட்டது."

மறுபடியும் ஏறினாள். இந்தத் தடவை முன்னால் நகர்ந்து, வலது தோள் அவன் முதுகில் அழுந்த உட்கார்ந்து, வலது கையை அவன் இடுப்பைச் சுற்றிப் போட்டு பெல்ட்டை இறுகப் பிடித்தாள். எட்மண்ட் நெளிந்தான்.

"ஹில்டா, ரோட்டுல..."

"ரோட்டுலதான் வளைவு இருக்கு. நான் சொல்றதைக் கேளுங்க. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடுங்க, உள்ளே போன அப்புறம் பிரேக் வேணாம். பள்ளத்தைப் பாக்காதீங்க. ரோடு முடியற இடத்துல ஒரு ஒத்தைப் பனை தெரியுது பாருங்க, அதைப் பாருங்க. நீங்க எந்தப் பக்கம் சாயறீங்களோ, அந்தத் தோளுக்கு மேல நானும் எட்டிப் பாக்கறேன். அவ்வளவுதான்."

"இதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றான் சோழவரம் கண்ட வீரன்.

"தெரியும்ல? அப்ப ஓட்டுங்க."

அந்த நேரம் பார்த்தா உபதேசியார் அசரியா சைக்கிளில் வர வேண்டும்! சபையில் ஒரு சங்கதி அவர் காதில் விழுந்தால் அடுத்த ஜெபக்கூட்டத்துக்குள் அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அவர் கண் நேராக ஹில்டாவின் கையில் வந்து நின்றது. மணியை அடிக்கத் தேவையே இல்லாமல் இரண்டு தடவை அடித்தார். வேறொருத்தியாக இருந்தால் கையை எடுத்திருப்பாள். ஹில்டா இடது கையை நெற்றிக்கு உயர்த்தி, "ஸ்தோத்திரம் ஐயா" என்றாள். வலது கை பெல்ட்டிலேயே இருந்தது.

எட்மண்ட் வண்டியைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் போய், மறுபடியும் வளைவை நோக்கி வந்தான். வேகத்தை முன்னாலேயே குறைத்தான். வண்டி வலப்பக்கம் சாய ஆரம்பித்ததும் ஹில்டாவுக்கு மறுபடியும் மல்லாக்க விழுவது போலிருந்தது. இந்தத் தடவை பிடித்துக்கொள்ள ஒரு முதுகு இருந்தது. முகத்தை அவன் வலது தோளுக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பனைமரத்தைப் பார்த்தாள். அவன் சாய்ந்தான், அவளும் கூடவே சாய்ந்தாள். ரோடு தன் பாட்டுக்கு மடங்கி அவர்களுக்கு வழிவிட்டது. பள்ளம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை.

பனைமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு எட்மண்ட் திரும்பிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நீ பின்னால இருக்கறதே தெரியல."

"நான் உங்ககூட இருந்தேன், அதான் தெரியல. இன்னொரு தடவை போங்க. இப்ப கொஞ்சம் வேகமா."

இன்னொரு தடவை போனார்கள். அப்புறமும் போனார்கள். திரும்பி வரும் பக்கம் அதே ரோடு இடது வளைவு. அதில் இடது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கடைசியாக ஒரு தடவை வலது பக்கம் மடங்கும்போது கால் கம்பி ரோட்டில் உரசி 'கர்ர்' என்றது. எட்மண்ட் சின்னப்பிள்ளை மாதிரி ஓவென்று கத்தினான். டீக்கடையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையை வாங்கப் போய் டீ குடித்தபோது முனியம்மா காசு வாங்க மாட்டேன் என்றாள். "சர்க்கஸ் காட்டிக்கினு போறீங்க, அதுக்கு இது போதும்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் ரத்தினபாய் கேட்டருகிலேயே நின்றார். உபதேசியாரின் சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு வந்துபோயிருக்கிறது என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

"பை எங்கே இருந்துச்சு ஹில்டா?"

"டீக்கடையில குடுத்துட்டேன் அத்தை."

"நடுரோட்டுல இடுப்பைக் கட்டிக்கிட்டு... ஐயா வந்து சொல்றார், என்னால தலை நிமிர முடியல. வெச்சுக்கோன்னு குடுத்த பையை எதுக்கு எடுத்தே?"

"அது நடுவுல இருந்ததாலதான் விழுந்தோம் அத்தை. அவர் ஒரு பக்கம் சாஞ்சார், நான் இன்னொரு பக்கம் சாஞ்சேன். இப்ப அதே வளைவுல எத்தனையோ தடவை போயிட்டு வந்தோம். கேளுங்க உங்க பிள்ளையை."

"அப்ப நான்தான் உங்களைத் தள்ளிவுட்டேன்னு சொல்றியா?"

எட்மண்ட் அவசரமாக வாயைத் திறந்தான். ஹில்டா அவன் முந்துவதற்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

"ஆமா அத்தை. தெரியாமதான் செஞ்சீங்க. ஆனா ஆமா."

ரத்தினபாய் மருமகளின் முழங்கையைப் பார்த்தார். காயத்தின் பொருக்கு இன்னும் உதிரவில்லை. பிறகு மகனின் முழங்காலைப் பார்த்தார். பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று சாப்பாட்டுக்கும் வரவில்லை. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கோபம் வந்தால் அவர் கிழிந்த தலையணை உறை தைப்பது வழக்கம் என்பதால் யாரும் தட்டிக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி ஸ்ரீநிவாசராகவன் வந்து சேர்ந்தார். எட்மண்டின் ஆபீஸ்காரர். புது வேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக, வண்டி வாங்கும் களையோடு வந்திருந்தார். எட்மண்ட் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையைப் பிசைந்தான். காபியோடு வந்த ரத்தினபாய்தான் பேசினார்.

"வண்டி விக்கறதா இல்லப்பா. மருமக வேலைக்குப் போகணும்."

"நேத்து வரைக்கும் விக்கறேன்னேளே மாமி?"

"அது நேத்து. காபியைக் குடி."

ஹில்டாவுக்கு அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் வண்டி முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்தது. ரத்தினபாய் டிபன் பையோடு வந்தார். பையின் பழைய கைப்பிடியைக் காணோம். அதற்குப் பதில் தடித்த கேன்வாஸில் நீளமான ஒரு வார் வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தது. அவரே அதை ஹில்டாவின் தலைவழியாகப் போட்டு, பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டார்.

"செம்பாக்கம் போன அப்புறம் பிடிச்சுக்கோ. கேம்ப் ரோட்டுல வேணாம்."

"கேம்ப் ரோட்டுலயும் வளைவு இருக்கே அத்தை."

ரத்தினபாய் வாரை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப அங்கயும் பிடிச்சுக்கோ."

ஹில்டா அங்கேயே, முற்றத்திலேயே பிடித்துக்கொண்டாள். வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் சாய்ந்து திரும்பியது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ரத்தினபாய் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன. அவை உள்ளே போகும்வரை அங்கேயே நின்று முறைத்தார்.