பாவாவின் மொட்டை

திருத்தணி மலையில், மொட்டை போடும் கொட்டகையில் பாவாவின் சுருட்டை முடி கொத்துக்கொத்தாக விழுந்தது, மீசையும் போனது. என் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்து நாவிதர் என்னையும் உட்காரச் சொன்னார்.

"வேண்டுதல் அவுருதுங்க" என்றேன். யோசனை மட்டும் என்னுடையது.

பாவா என்றால் பரந்தாமன். அத்தை மகன், என் தங்கை காஞ்சனாவின் புருஷன். துபாய் வேலை முதலில் எனக்குத்தான் வந்தது. எனக்கு வலிப்பு உண்டு என்று ஏஜெண்டு காதில் ஓதிவிட்டு அவன் வாங்கிக்கொண்டான். பள்ளிப்பட்டில் தறியில் உட்கார்ந்தபடி எட்டு மாதம் யோசித்தேன். என் மூளைக்கு அது வேகம்தான்.

"கடல் தாண்டிப் போற, முருகனுக்கு முடி குடுத்துட்டுப் போ பாவா."

பாஸ்போர்ட் படத்தில் காதை மூடிய முடி, முறுக்கு மீசை. அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

மதியம் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கென்று புதிதாக ஒரு கட்டணம் கேட்டார்கள். கோயிலில் காசு கட்டினால் வரிசை குறையும். இங்கே காசு கட்டவே ஒரு வரிசை, ரசீதைக் காட்ட இன்னொன்று. இரண்டு மணி நேரம். கம்பித் தடுப்புக்கு வெளியே காஞ்சனாவோடு நின்று ஒவ்வொரு நிமிஷத்தையும் சுண்டல் மாதிரி மென்றேன்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். சந்தனம் அப்பிய மண்டையைப் பார்த்தார்.

"யோவ், இது நீயா?"

"நான்தாங்க சார், பணம் கட்டிட்டேன்!" பாவா ரசீதை நீட்டினான்.

"தள்ளி நில்லு."

பிளேன் கிளம்ப அரை மணிதான் இருந்தது. பின்னால் வரிசை கத்தியது.

காஞ்சனா கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "மொட்டை போடச் சொன்னது நீதானேண்ணா?"

அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான். "மச்சான்! நான்தான்னு நீ வந்து சொல்லு மச்சான்!"

வலிப்புக்காரன் சாட்சி செல்லுமா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே நான்தான். அங்க அடையாளம் என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்பது எனக்குத்தான் தெரியும். காஞ்சனாவின் விரல்கள் கம்பியில் வெளுத்துப்போயிருந்தன.

"சார்! சந்தனத்தைத் தொடைச்சிப் பாருங்க சார்! முன்னந்தலையில! அங்க அடையாளம் எழுதியிருக்கு!" என்று கத்தினேன்.

பாவா தோள் துண்டால் தேய்த்தான். மஞ்சளுக்கு அடியிலிருந்து விரல் நீளத்துக்கு வெள்ளையாக அந்தத் தழும்பு எழுந்தது. பன்னிரண்டு வயதில் என் பம்பரத்தைப் பிடுங்கியதற்காக நான் இரும்பு முனை வைத்த தறி நாடாக்கட்டையை வீசி உண்டாக்கியது.

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பிக்கொண்டே மண்டைமேல் குனிந்தார். பின்னால் ரசீதுகளைப் பிடித்தபடி முழு வரிசையும் எட்டிப் பார்த்தது.