பதினைந்து நாள் பூச்சு

ஜனவரி இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் அந்த முதல் மாடி வீட்டில் இருந்தவர்கள்:

சிவஞானம். முப்பத்தெட்டு வயது, மத்திய அரசு ஆபீஸில் யு.டி.சி. குமாஸ்தா. வீடு அவன் பேரில் இருந்தது.

அவன் மனைவி காமாக்ஷி. இடது மணிக்கட்டில் ஒரு எலும்பு ஒடிந்து கோணலாகக் கூடியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தாள்.

மகள் சுஷ்மா. ஐந்து வயது. பிறந்ததிலிருந்து மூச்சிளைப்பு.

சிவஞானத்தின் தம்பி கலியமூர்த்தி. இருபத்தாறு வயது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஓக்லாவில் ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன்.

இவர்களோடு இரண்டாக ஒடிந்த ஒரு விமானமும்.

விமானம் என்றால் மூன்றரை அடி. மெல்லிய கட்டைச் சட்டம், மேலே காகிதத் தோல், மூக்கில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு எஞ்சின். இரண்டு எஃகுக் கம்பிகளில் கட்டி, நடுவில் நின்று கைப்பிடியால் ஆட்டிச் சுற்றவிட வேண்டும். சிவஞானம் ஆடுவது சண்டை ஆட்டம். ஒரே வட்டத்தில் இரண்டு விமானங்கள் பறக்கும், இரண்டுக்கும் காகித வால். எதிராளியின் வாலை நம் ப்ரொப்பெல்லரால் நறுக்க வேண்டும். வாலுக்குப் பதில் விமானமே நறுக்கப்படுவதும் உண்டு. போன வருஷம் ஒருத்தனுடைய ஆள்காட்டி விரல் மணலில் விழுந்தது. அதை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு மீதி ஆட்டத்தை ஆடி முடித்தார்கள். சிவஞானம் இந்தக் கதையைச் சாப்பிடும்போது சொல்வான்.

எஞ்சின் குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும். குடித்ததில் பாதியை இறக்கை மேல் துப்பும். அது பட்டால் சாதாரணப் பெயிண்ட் எல்லாம் வெந்த தோல் மாதிரி உரியும். தாங்குவது தின்னர் கலந்த பெயிண்ட் ஒன்றுதான் என்று சிவஞானம் சாதித்தான். அதைத்தான் ஹாலில் உட்கார்ந்து அடிப்பான். குளிர்காலத்தில் ஜன்னலையும் திறக்க விடமாட்டான். அடித்த அன்று சுஷ்மாவுக்கு மூச்சு விசிலடிக்கும். நவம்பரில் ஒருநாள் நகமெல்லாம் நீலமாகி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னொரு தரம் இப்படி ஆனால் என் பொறுப்பில்லை, வீட்டில் தின்னர் வாசனையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிவஞானம் டாக்டரைத் திட்டினான். தின்னர் வேண்டாமென்று காமாக்ஷி திரும்பவும் கேட்டபோது அவளை அடித்தான்.

அதிலிருந்துதான் கலியமூர்த்தி தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டைத் தேட ஆரம்பித்தான். அவனுக்கு விமானத்தில் அக்கறை கிடையாது. சுஷ்மா தன் முதுகில் ஏறித் தூங்கும்போது அந்த விசில் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிந்து தூங்காமல் கடை கடையாக அலைந்தான். எரிபொருள் தாங்குகிற வாட்டர் பெயிண்ட் வேண்டுமென்று கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். கிடைத்ததையெல்லாம் வாங்கி, கட்டைத் துண்டுகளில் அடித்து, மெத்தனாலில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் மேலே போட்டு, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். டிஸ்டெம்பர் தயிராகக் கரைந்தது. சுவர் எமல்ஷன் சுருங்கியது. துணிப் பெயிண்ட் விரலோடு வந்தது. பதினோராவது துண்டில் அடித்தது கீர்த்தி நகரில் ஒரு சர்தார் கொடுத்தது. மரத்தரைக்கு அடிக்கிற வாட்டர் வார்னிஷ், கூடவே அதை இறுக்குகிற திரவம் ஒரு குப்பியில். நாலாம் நாள் தேய்த்தபோது இதுவும் பிசுபிசுத்தது. தூக்கி எறியாமல் வைத்திருந்ததுதான் அவன் செய்த ஒரே புத்திசாலித்தனம். பதினைந்தாம் நாள் தேய்த்தான். துணி அழுக்கானதே தவிர பூச்சு அசையவில்லை. தொட்டால் உலர்ந்திருப்பது வேறு, உள்ளே இறுகியிருப்பது வேறு, தில்லிக் குளிரில் இதற்குப் பதினைந்து நாள் வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டான்.

அண்ணனிடம் போய்ச் சொன்னான். சிவஞானம் துண்டை நகத்தால் கீறிப் பார்த்தான்.

"அச்சா. ஒரு மேட்ச் பாக்கறேன். நிக்கலேன்னா வீட்டுக்குள்ள பழையபடி தின்னர்தான். நீயும் மூட்டையக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

பன்னிரண்டாம் தேதி விமானத்துக்கு வார்னிஷ் அடித்தார்கள். ஆட்டம் இருபத்தேழாம் தேதி. கணக்கு சரியாக இருந்தது. கலியமூர்த்தி விமானத்தை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, உள்ளே நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு, பெட்டி மேல் சாக்கட்டியால் 27 என்று எழுதினான். அவன் மறந்தது குடியரசு தினத்தை. அந்த வாரம் நகரத்தில் பட்டம்கூட விடமுடியாது. ஆட்டத்தை ஒரு வாரம் முன்னால் இழுத்துவிட்டார்கள், அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இருபதாம் தேதி காலை அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்த பிறகு சிவஞானம் பெட்டியைத் திறந்தான். காமாக்ஷியைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் விரல் வைத்து, காய்ந்துவிட்டது என்றாள். அவனிடம் வேறு எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

ஒரு மணிக்குக் கதவு உதைபட்ட சத்தத்தில் கலியமூர்த்தி எழுந்தான். ஹாலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். முன்கையெல்லாம் விளக்கெண்ணெய், கையில் ஒடிந்த இறக்கை. எஞ்சின் பக்கத்துப் பூச்சு சளியாக வழிந்து, எண்ணெய் உள்ளே இறங்கி, காகிதத் தோல் தொங்கியது. நாலாவது சுற்றில் இறக்கை கிழிந்து விமானம் மூக்கால் தரையில் குத்தியதாம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் கைதட்டினார்களாம்.

"நீதானடி காஞ்சிருச்சுன்னே" என்று சொல்லி அவன் காமாக்ஷியை அறைந்தான். அவள் தலை அலமாரி விளிம்பில் மோதியது. சுஷ்மா கட்டிலுக்கடியில் போய்விட்டாள். இது அவளுக்குத் தெரிந்த வேலை.

பிறகு சிவஞானம் பரணிலிருந்து பழைய விமானத்தை இறக்கினான். ஜன்னலைச் சாத்தினான். தின்னர் டப்பாவின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, நடு ஹாலில் வைத்தான்.

"அண்ணே, எட்டு நாள்தான் ஆச்சு. எட்டு நாள்ல எப்படி நிக்கும்? ஜன்னலத் திற. புள்ள உள்ள இருக்கு."

"தண்ணி பெயிண்ட் வாங்கின மொகரையப் பாரு. சாமானை எடுத்துக்கிட்டு ஜல்தி கெளம்பு."

சொல்லிவிட்டு அவன் பிரஷ்ஷை டப்பாவில் முக்கினான். கட்டிலுக்கடியில் விசில் ஆரம்பித்தது.

விமானத்தின் கைப்பிடி மேசை மேல் கிடந்தது. அலுமினியம், முக்கால் கிலோ இருக்கும். கலியமூர்த்தி அதை எடுத்து அண்ணனின் காதுக்கு மேலே அடித்தான். சிவஞானம் பக்கவாட்டில் சாய்ந்து, எழுந்து, தம்பியின் தொண்டையைப் பிடித்தான். இரண்டு பேரும் சுவரில் மோதினார்கள். கலியமூர்த்தி முழங்காலால் உதைத்தான். பிடி விட்டது. அடுத்த அடி வாயில் விழுந்தது, பற்கள் உடைகிற சத்தம் கேட்டது. அடுத்தது பிரஷ் பிடித்திருந்த கையில். அந்தக் கை எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதனால் அதே இடத்தில் இன்னும் இரண்டு தரம் அடித்தான். சிவஞானம் விழுந்துவிட்டான். போதும்டா, போதும்டா என்றான். கலியமூர்த்தி நிறுத்தவில்லை. ராத்திரி ராத்திரியாக மூட்டை எண்ணிய நேரத்தில் மனசுக்குள் இதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தான். அதில் நிறுத்துகிற இடம் எதுவும் இருக்கவில்லை.

காமாக்ஷி பின்னாலிருந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினான்.

தின்னர் டப்பா கவிழ்ந்து கிடந்தது. அவன் கால் பட்டுத்தான் கவிழ்ந்திருக்க வேண்டும், பேண்ட் கணுக்கால் வரை நனைந்திருந்தது. ஹால் பூராவும் ஓடிய தின்னர் கட்டிலுக்கடியில் போய்த் தேங்கியிருந்தது. காமாக்ஷி ஜன்னல்களை அடித்துத் திறந்தாள். கட்டிலைத் தூக்கிப் புரட்டினாள். சுஷ்மா வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தாள். விசில்கூட இல்லை. உதடு நீலம்.

காமாக்ஷி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து அழுத்தினாள். இரண்டு தரம், மூன்று தரம். நாலாவதில் நெஞ்சு ஏறியது. மறுபடி விசில் கேட்டது. கேட்கக் கூடாது என்று அவன் இத்தனை நாள் அலைந்த அந்த விசில் கேட்டதும் அவன் அவர்கள் பக்கத்தில் வந்தான்.

"குடுங்க அண்ணி, நான் தூக்கிக்கிட்டு ஓடறேன்."

கையை நீட்டினான். இன்னொரு கையில் கைப்பிடி அப்படியே இருந்தது, அதில் மயிர் ஒட்டியிருந்தது. சுஷ்மா அவனைப் பார்த்தாள். இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்திக்கொண்டு அம்மா இடுப்பிலிருந்து வழிந்து இறங்கி, ரத்தமாகக் கிடந்த அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். காமாக்ஷி அவளிடம் இந்தியில் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். பிறகு கலியமூர்த்தியைப் பார்த்தாள்.

"தம்பி, நீங்க போங்க."

"நான் யாருக்காக அண்ணி..."

"தெரியும். அவர் அடிச்சா எப்ப நிறுத்துவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க எப்ப நிறுத்துவீங்கன்னு தெரியல." அவள் குரல் உயரவில்லை. "சாவியக் குடுங்க."

அவன் கைப்பிடியை மேசை மேல் வைத்தான். பாக்கெட்டில் துழாவியபோது சாவியோடு அந்தப் பதினோராவது துண்டும் வந்தது. சாவியை மட்டும் கொடுத்தான். அலமாரி விளிம்பு கிழித்த நெற்றியிலிருந்து அவளுக்கு இன்னும் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்காமல், கோணல் மணிக்கட்டை அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அவன் செருப்புக்கூடப் போடாமல் படிக்கட்டு மேடையில் நின்றான்.

மரக்கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, அவன் சாவியாலேயே, பூட்டு இரண்டு தரம் திரும்பியது.