தண்ணீர் கேட்காத கள்ளி

சல்லிக் கிராமத்தில் நிரோஜினி வளர்த்த சின்னக் கள்ளிகள் தண்ணீர் குடிப்பதில்லை. வளர்ப்பவரின் கண்ணீரைக் குடித்தன. கண்ணில் ஊறுவதற்கு முன்பே எடுத்துக்கொண்டதால் வலி தெரியாது. கோழிமுட்டையளவு செடி, தலையைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு பூவளையம். பக்கக் குருத்துகளைப் பிரித்து, வெட்டுக்காயம் ஆற ஒரு கிழமை நிழலில் போட்டு, கந்தளாய்த் தயிர் வந்த மண்சட்டிகளில் ஆற்றுமணல் கலந்து நட்டாள். திருகோணமலைக் கந்தோர்களில் வேலைபார்க்கும் பெண்கள் ஓடியோடி வாங்கினார்கள். மேலதிகாரி ஏசினாலும் கண் கலங்காது என்றால் யார்தான் விடுவார்கள்!

மூன்று வருசத்துக்கு முந்தி, மாசி மாதம், அவள் புருசன் ரிஷிகேசனின் தோணி கொட்டியாரக் குடாவில் கவிழ்ந்தது. உடல் இரண்டாம் நாள் கட்டைபறிச்சான் பக்கம் ஒதுங்கியது. பெட்டியை முற்றத்தில் வைத்ததும் அவள் மார்பிலடித்தாள், பெயர் சொல்லிக் கத்தினாள். கண் மட்டும் காய்ந்து கிடந்தது. வேலியோரத்தில் அறுபது சட்டியும் ஒரே நேரத்தில் பூத்தன. வந்த சனம் பிணத்தை விட்டுவிட்டுப் பூவைப் பார்த்தது.

"ஒரு சொட்டு விட்டாளா பாருங்கோ! என்ர பிள்ளை இவளுக்கு ஆர்?" என்று மாமியார் கோணேஸ்வரி எல்லாருக்கும் கேட்கக் கத்தினாள். அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரிந்தது. அதற்கு வேறென்ன வேலை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவை மாமியார் தன் வீட்டில் நடத்தினாள், மருமகளைக் கூப்பிடவில்லை. நிரோஜினி அவனுக்காக ஒருமுறையாவது அழுதுவிட வேண்டுமென்று வெங்காயம் உரித்தாள், மிளகாய்த்தூளைக் கண்ணில் அப்பினாள். ஒன்றும் வரவில்லை. சட்டிகளை உடைக்கக் கல்லோடு போனாள். அவனுக்குரிய கண்ணீர் முழுக்க அவற்றுக்குள் இருக்கிறது என்று நினைத்ததும் கை வரவில்லை.

ஐந்தாம் மாதம் பூ இருந்த இடங்களில் கொச்சி மிளகாய் மாதிரிச் சிவப்புப் பழங்கள் வந்தன. ஒன்றைப் பிடுங்கித் தின்றாள். உப்புக் கரித்தது. தொண்டையில் இறங்குமுன் கண் நிரம்பியது. பட்டப்பகலில் முற்றத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு பழமாகத் தின்று தின்று அழுதாள். அழாததைப் பார்க்க முழு ஊரும் வந்தது. அழுததைப் பார்க்க ஒரு நாய்கூட வரவில்லை.

ஆண்டுத் திவசத்துக்கு மறுநாள் கோணேஸ்வரி வேலிப் படலையடியில் வந்து நின்றாள். ஒரு வருச அழுகையில் இமை வீங்கி, பார்வையும் மங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை.

"எனக்கும் ஒரு கள்ளிக் கண்டு தா. இனி அழ ஏலாது."

நிரோஜினிக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் செத்தவீட்டன்று பூத்த சட்டிகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"நல்ல வெயிலில வையுங்கோ, மாமி. தண்ணி விடாதேங்கோ."

பங்குனியில் கோணேஸ்வரி வீட்டில் அழுகைச் சத்தம் நின்றது, கள்ளி பூத்தது.