களப்புப் பக்கம் வந்த பாண் வண்டி

தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுப் பாண் ரொட்டி விற்கிற சூன் பாண் முச்சக்கர வண்டிக்குள் அந்தப் பாட்டை முதன்முதலில் பூட்டியவன் என் கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன். சொல்லே இல்லாத ஒரே பாட்டு. தில்லையடி பேக்கரியில் பாணும் இனிப்புப் பணிஸும் ஏற்றிக்கொண்டு விடியக் கிளம்பினால், வண்ணாத்திவில்லுப் பக்கத்துக் குடியிருப்புகள் முடியும்வரை அது காதுக்குள் கொத்திக்கொண்டே இருக்கும். தூக்கத்திலும் நான் அதை முணுமுணுக்கிறேன் என்று என் பெண்சாதி நஸ்ஹா சொல்லிச் சிரிப்பாள். யுத்தத்தில் மன்னாரிலிருந்து வாப்பா எங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது நான் பாண் விற்கத்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருவழியாகக் கொழும்பில் ஒரு கடைவேலை சரிவந்திருந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சான் நளீம் வந்து வண்டியைப் பொறுப்பெடுப்பதாக ஏற்பாடு. இதுதான் என் கடைசிச் சுற்று என்று வழியில் யாருக்கும் நான் சொல்லவில்லை. பாண்காரனுக்கு என்ன பிரியாவிடை?

கடல்நீர் ஏறித் தேங்கும் களப்போரக் குடியிருப்பில் முதல் வீடு மர்ளியாவுடையது. புருஷன் இல்லாதவள். விடியுமுன்பே கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விடுவாள். மகள் றிஷ்னா முதலாம் வகுப்பு. பாண் பாட்டுக் கேட்கும்வரை கதவைத் திறக்கக்கூடாது என்பது உம்மாவின் கட்டளை. பாட்டுக் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம், பணிஸ் தின்னலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடம் போகலாம். அந்த வரிசையில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். என் பாட்டுத்தான் அவர்களுக்கு மணிக்கூடு.

அன்றும் வளைவில் பாட்டைப் போட்டுக்கொண்டே திரும்பினேன். மர்ளியாவின் வேலிப் படலைக்குப் பக்கத்துப் பாலை மரத்தடியில் யானை நின்றது. தனியன். கொம்பு இல்லை, ஆனால் கூரை உயரம்.

சட்டென்று பாட்டை நிறுத்தினேன். என்னைப்போல மடையன் உண்டா! பாட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை ஏற்கெனவே கதவைத் திறந்துவிட்டாள். இப்போது பாட்டு நின்றதும், நான் கொடுக்காமலே போய்விடுகிறேன் என்று நினைத்து, தட்டோடு முற்றத்தில் இறங்கினாள். பாலை மரத்துக் கிளை மறைவில் யானை நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் என்னை நோக்கித்தான் ஓடிவருவாள், அதன் காலடியால்தான் வரவேண்டும். அதற்குள் யானை தும்பிக்கையை என் பக்கம் நீட்டி மோப்பம் பிடித்தது. சூட்டுப் பாண் வாசனை. யா அல்லாஹ், யானையையும் நானே கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

வண்டியைப் பின்னால் எடுத்தேன். தென்னந்தோட்டத்துக்குள்ளால் புகுந்தால் வீடுகளுக்குப் பின்னால், களப்போரமாக, மீன்காரர் போகிற மணல் பாதை ஒன்று உண்டு. பாட்டு அங்கே கேட்டால் பிள்ளை அந்தப் பக்கம் திரும்புவாள். அதற்குள் அவள் ரோட்டுக்கு வந்துவிட்டால்? வண்டி மணலில் புதைந்தால்? வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி வண்டியை ஏசிக்கொண்டு ஓட்டினேன். கண்ணீர் வந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பின்பாதையில் ஏறியதும் பாட்டை உச்சத்தில் வைத்தேன். வீட்டுக்கு வீடு பின்கதவு திறந்தது. ஓடிவந்தவர்களிடம் வாயில் விரலை வைத்து, முன்பக்கம் யானை என்று காட்டினேன். ஒருவரும் சத்தம் போடவில்லை. பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தோணிகள் கட்டியிருந்த பக்கம் போனார்கள்.

மர்ளியா வீட்டுப் பின்கதவு மட்டும் திறக்கவில்லை.

பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கியது. ஓடிவிடு என்றது மனம். வண்டியை விட்டு இறங்கினேன். வேலியில் கை வைக்கும்போது, வீட்டின் பக்கச் சுவரோரமாகத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் வந்தாள். கம்பிக்கு அடியால் தட்டைத் தள்ளிவிட்டு, சட்டை கிழியாமல் மெல்ல நுழையப் பார்த்தாள். ஒரே இழுவையாக இழுத்தேன்.

“பாண் மாமா, ஏன் இந்தப் பக்கத்தால வந்தீங்க? சட்டை கிழிஞ்சா உம்மா ஏசுவா,” என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு தோணிப் பக்கம் ஓடினேன். பாதி வழியில் பின்னால் சுவர் இடியும் சத்தம் கேட்டது. யானை முற்றத்தைக் கடந்து போய் மர்ளியாவின் குசினியை அடுப்போடு சேர்த்து உடைத்திருந்தது. அங்கிருந்த அரிசியைத் தின்றுவிட்டு, ஆட்கள் யானை வெடி போட்ட பிறகுதான் காட்டுப் பக்கம் போனது.

யாரோ சொல்லி மர்ளியா வாடியிலிருந்து ஓடிவந்தாள். கையெல்லாம் மீன்செதிள். இடிந்த குசினியை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. பிள்ளையைக் கட்டிப்பிடித்து, தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். எனக்கு நன்றி சொல்வாள், நான் பெருந்தன்மையாக ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணனிடம் கேட்பதுபோல வேறொன்று கேட்டாள்.

“றஸீன் நானா, நாளைக்கு எந்தப் பக்கத்தால வருவீங்க? புள்ளைக்குச் சொல்லி வைக்கணும்.”

“களப்புப் பக்கத்தாலதான் வருவேன். பின்கதவைத் திறக்கச் சொல்லுங்க,” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நளீமும் கொழும்பும் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நின்றே அவனுக்குப் போனில் கோல் எடுத்தேன். நான் கொழும்பு போகவில்லை, வண்டியும் தரமாட்டேன், வராதே என்றேன். உனக்கென்ன விசரா என்று அவன் கத்தினான். கத்தட்டும் என்று போனை வைத்துவிட்டு, அடுத்த குடியிருப்புக்குப் பாட்டைப் போட்டேன். அங்கேயும் பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பார்கள்.