மருந்து ஏறிட்டு

செல்வலட்சுமிக்குக் கேள்வி கேட்பதுதான் வேலை. கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் ஏழு பேர் மட்டும் இருக்கும் மென்பொருள் அலுவலகம். உரமும் பூச்சிமருந்தும் விற்கும் ஒரு கம்பெனிக்காக அங்கே ஒரு சாட்பாட் செய்திருந்தார்கள். விவசாயி ஃபோனில் பேசினால் அது தமிழிலேயே பதில் சொல்லும். அந்தப் பதில் சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. ஒவ்வொரு சோதனையையும் மூன்று வரியில் எழுதுவாள்: நிலைமை இது, விவசாயி இப்படிச் சொன்னால், பாட் இப்படிப் பதில் சொல்ல வேண்டும். எழுதிப் போட்டுவிட்டால், தினமும் காலையில் கம்ப்யூட்டரே சாட்பாட்டிடம் எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்துவிடும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

அவள் பிறந்தது எட்டயபுரம் பக்கம். மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்கும்போது காற்று திரும்பி, புகை மூக்கில் ஏறி ஆள் சுருண்டு விழுந்தால், அங்கே யாரும் ‘பூச்சிக்கொல்லி நச்சுப் பாதிப்பு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘மருந்து ஏறிட்டு’ என்பார்கள். அதையும் ஒரு சோதனையாக எழுதினாள். பாட் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்ல வேண்டும். அது சொன்னது வேறு: “மகிழ்ச்சி! மருந்து பயிரில் நன்றாக ஏறியிருப்பதால், அடுத்த தெளிப்பைப் பதினைந்து நாள் கழித்துச் செய்யலாம்.”

சிவப்பு.

அலுவலகத்தை நடத்தும் சங்கரபாண்டியனிடம் காட்டினாள்.

“செல்வி, வெள்ளிக்கிழம குடுத்தாகணும். ரிப்போர்ட்ல சிவப்பு இருந்தா கம்பெனிக்காரவிய கைநீட்டி வாங்க மாட்டாவ. இத இப்பம் ஓரமா வையி. அடுத்த தடவ பாத்துக்கிடலாம்.”

“உயிர் விஷயம்லா சார்?”

“புஸ்தகத் தமிழ்ல கேட்டா சரியாத்தான சொல்லுது? பெறகென்ன?”

அது உண்மைதான். அந்த ஒரு சோதனையின் தலையில் ‘தவிர்’ என்று ஒரு சொல்லைப் போட்டாள். கம்ப்யூட்டர் அதைத் தொடாமல் தாண்டிப் போனது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. அன்று சாயங்காலம் சங்கரபாண்டியன் கடம்பூர் போளி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். அவளும் இரண்டு தின்றாள்.

மூன்று வாரம் கழித்து, விவசாயிகள் சாட்பாட்டோடு பேசியதெல்லாம் எழுத்தாக வந்து சேர்ந்தது. பாதியில் நின்றுபோன பேச்சுகளைப் படித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் அப்படியே நின்றாள். ஃபோனில் பதிந்திருந்த பெயர் அழகிரிசாமி. ஊர் கடம்பூரைத் தாண்டி. பேசியது ஒரு பெண்.

“அவியளுக்கு மருந்து ஏறிட்டு. என்ன செய்ய?”

“மகிழ்ச்சி!” என்று தொடங்கி, அவள் ஏற்கெனவே பார்த்த அதே பதில்.

“ஐயோ, வேர்த்துக் கொட்டுது. எச்சி வடியுது.”

“வேர் அழுகலா? பயிரின் படம் அனுப்புங்கள்.”

அதற்குமேல் ஒன்றுமில்லை. பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

சங்கரபாண்டியனும் படித்தார். “ஆளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நாமளாப் போயித் தலையக் குடுக்க வேண்டாம்” என்றார். அவள் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அழகிரிசாமி ஊருக்கு பஸ் ஏறினாள்.

ஊரில் இறங்கி, டீக்கடையில் அழகிரிசாமி வீட்டைக் கேட்டாள். “மருந்து ஏறிக் கெடந்தாரே, அவரா?” என்றார் கடைக்காரர். ‘கெடந்தாரே’ என்றால் இப்போது இருக்கிறாரா, இல்லையா? அதைக் கேட்காமல், கடைக்காரர் கைகாட்டிய தெருவில் நடந்தாள்.

இருந்தார். வீட்டுக்குள் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி பாலம்மாள் டம்ளரைப் பிடித்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் கை இரண்டும் நடுங்கின. ஃபோனில் பதில் சொல்கிற கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று செல்வலட்சுமி சொன்னதும், பாலம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“மகிழ்ச்சின்னு சொல்லிச்சும்மா. படிச்சவிய வச்ச மிஷினு, பயப்பட ஒண்ணுமில்ல போலன்னு நெனச்சிட்டேன். மோரக் குடுத்து வரப்புல படுக்கப் போட்டேன். அர மணி நேரம் போயிட்டு. கண்ணு சொருகுன பெறகுதான் கத்துனேன். பக்கத்துக் காட்டுக் கண்ணுசாமி அண்ணாச்சிதான் லோடு ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. அந்த அர மணி நேரம் முந்தி வந்திருந்தா இவ்வளவு ஆயிருக்காதுன்னு டாக்டர் சொல்லுதாரு.”

செல்வலட்சுமி தலையைத் தூக்காமல் சொன்னாள். “அது தப்பாச் சொல்லும்னு எனக்கு முந்தியே தெரியும்க்கா. நாந்தான் கண்டுபிடிச்சேன். நானேதான் ஓரமாவும் வச்சேன்.”

“தெரிஞ்சேவா வச்ச?”

“தெரிஞ்சேதான்.”

கட்டிலிலிருந்து அழகிரிசாமி குழறிக் குழறிக் கேட்டார், “இப்பமும் அப்படித்தான் சொல்லுதா?”

பாலம்மாள் ஃபோனை எடுத்து, அன்றைக்குப் பேசிய அதே வார்த்தையைப் பேசினாள். “மகிழ்ச்சி!” என்றது ஃபோன்.

“பெறகு இங்கன வந்து என்ன செய்யுத?” பாலம்மாள் ஃபோனை அவள் பக்கம் நீட்டினாள். “ஊரு பூராம் மருந்தடிக்காவ. போ. போயி மொதல்ல அத நிறுத்து.”

அலுவலகம் பூட்டுவதற்கு முன் செல்வலட்சுமி போய்ச் சேர்ந்தாள். ‘தவிர்’ என்ற சொல்லை அழித்தாள். மருந்து ஏறினால் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த ஐந்தையும் சேர்த்துக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். ஆறும் சிவப்பு. ரிப்போர்ட்டையும், அழகிரிசாமி வீட்டுப் பேச்சையும், தான் செய்ததையும் ஒன்றாக்கி, உரக் கம்பெனியில் இதற்குப் பொறுப்பாயிருந்த பூவனலிங்கத்துக்கு எழுதினாள்.

“அனுப்பாத செல்வி. ஏழு பேரு பொழப்பு” என்று பின்னால் நின்றார் சங்கரபாண்டியன். மிரட்டலாக அல்ல, கெஞ்சலாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் கம்பெனி சாட்பாட்டை நிறுத்தியது. மாதம் முடிவதற்குள் சங்கரபாண்டியனிடம் கொடுத்திருந்த வேலையையும் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏழு பேரில் நான்கு பேருக்கு வேலை போனது. அதில் அவளும் ஒருத்தி. வேலை போன மற்ற மூன்று பேரில் ஒருத்தியான சத்யபிரியா, கடைத்தெருவில் எதிரே வந்தும் பார்க்காதது போலப் போனாள்.

தை பிறந்ததும் பாட் திரும்ப வந்துவிட்டது என்று கேள்விப்பட்டாள். வீட்டில் உட்கார்ந்து, “மருந்து ஏறிட்டு” என்றாள். 108-ஐக் கூப்பிடச் சொன்னது. “வேர்த்துக் கொட்டுது” என்றாள். அதற்கும் சரியாகச் சொன்னது. மூன்றாவதாக, “மருந்துக் காத்து மூஞ்சியில அடிச்சிட்டு, கெறக்கமா வருது” என்றாள்.

“காற்று வீசும்போது தெளிக்க வேண்டாம். நன்றி” என்றது.

பூவனலிங்கத்தின் எண் ஃபோனில் இருந்தது. அழைத்தாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்தார். “சார், இன்னும் ஒண்ணு சிவப்பு” என்றாள்.