வால் இல்லாத படம்

எந்த எலி என்று தெரிந்துகொள்ளத்தான் இல்டா ஆசைப்பட்டாள். அவ்வளவுதான். ரொசாரியோ நகரத்து ஆய்வுக்கூடத்தில் எலிகளை வளர்ப்பவள் அவள். ஒவ்வொன்றின் வாலிலும் பேனாவால் கோடு போட்டு அடையாளம் வைப்பவளும் அவளே. எட்டு வாரமாக அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தில் மட்டும் எலிக்கு வாலே இல்லை.

படத்தைக் கொடுத்தவள் டாக்டர் மாபெல். இருபது வருடத் தோழி, ஒரே குடுவையில் மாறி மாறி 'மாட்டே' என்கிற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக் குடித்தவள். புற்றுக்கட்டியை வளர்க்கிற ஜீனின் வாயை அடைக்கும் மருந்து அவளுடையது. பொடிக் கொழுப்புத் துளிகளுக்குள் வைத்து ஊசி போட்டால் நேரே கட்டிக்குப் போய்ச் சேருமாம். மருந்து போய்ச் சேர்ந்த இடம் ஒளிரும்படி எடுத்த அந்தப் படத்திலும் எலியின் மார்புக் கட்டி மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தது.

"பாத்தியாடி, வேற எங்கயும் போகல. கொஞ்சம் பொறு. மனுஷங்களுக்குக் குடுக்கிறப்ப முதல் ஊசி உனக்குத்தான்."

இல்டாவுக்கு மார்பில் கட்டி மறுபடி வந்திருந்த நேரம் அது. மருத்துவமனை கீமோவுக்குத் தேதி கொடுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாவி மகள், அப்படியே நம்பிவிட்டாள்!

இன்று காலை, மாபெல் வருமுன், படம்பிடிக்கும் கருவியில் முழுப் படத்தைத் தேடி எடுத்தாள். வாலில் மூன்று கோடு, அவள் கையால் போட்டவை. ஆனால் கண் அங்கே நிற்கவில்லை. எலியின் வயிறு நெருப்பாய் ஒளிர்ந்தது. மருந்தெல்லாம் கல்லீரலில் போய் உட்கார்ந்திருந்தது. கட்டியில் போனால் போகிறதென்று ஒரு பொட்டு வெளிச்சம். நெஞ்சுக்குக் கீழே படத்தை வெட்டி, அந்தப் பொட்டின் வெளிச்சத்தை ஏற்றிக் காட்டியிருக்கிறாள் மாபெல்.

வெந்நீர் ஃபிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்த மாபெல், திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாநாடு நெருங்கிடுச்சுடி. அடுத்த தடவை சரி பண்ணிடலாம்னு..."

"மாநாட்டுக்கு வெட்டினே, சரி. எனக்கு எதுக்குடி வெட்டின படத்தக் குடுத்தே?"

"நீ அழுதுட்டே இருந்தே. கொஞ்சம் தெம்பா இருக்கட்டும்னு..."

"தெம்பா? கீமோ வேணாம்னு நான் சொன்னப்ப பக்கத்துலதானடி நின்னே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

இல்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வேறு யாராவது செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவள் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. மருத்துவமனையில் தன் மருத்துவரின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை மாபெல் முன்னால் வைத்தாள்.

"நீயே பேசு."

மாபெல் திக்கித் திணறி இல்டாவின் பெயரைச் சொல்லி, கீமோவுக்கு வருகிறாள் என்றாள்.

"நாளைக்கே வரச் சொல்லுங்க," என்றார் மருத்துவர். "முதல்ல கல்லீரலுக்குப் பரவியிருக்கான்னு பாக்கணும். எட்டு வாரமா ஏன் வராம இருந்தாங்க?"

மாபெல் போனை இல்டா பக்கம் தள்ளினாள்.

"கேக்கிறார்ல," என்றாள் இல்டா. "சொல்லுடி."